ஜெட்டுன்னா அப்படித்தான் எரியும்

ஒரு வீட்டில் முதன்முதலாகப் படித்தவர்களுக்கு என்று ஒரு வியாதி உண்டு. ‘தெரியாது’ என்ற சொல் அவர்கள் வாயில் வராது. உர மூட்டையில் என்ன எழுதியிருக்கிறது, மாத்திரையைச் சாப்பாட்டுக்கு முன்னால் போடுவதா பின்னால் போடுவதா, கரண்டு ஏன் போகிறது, நிலாவுக்கு ஆள் போனது நிஜமா என்று வீட்டில் எந்தக் கேள்வி பிறந்தாலும் அது நேராக அவர்களிடம்தான் வரும். பதில் சொல்லியே பழகிவிடுவார்கள். தெரியாததற்கும் பதில் சொல்ல ஆரம்பித்துவிட்டோம் என்பது அவர்களுக்கே ரொம்ப நாள் கழித்துத்தான் தெரியும். எனக்கு அந்த வியாதி பள்ளிக்கூடத்திலேயே வந்துவிட்டது. முற்றியது ஒரு விமானத்தில்.

எங்கள் ஊர் திண்டிவனத்துக்குப் பக்கம். வீட்டு வாசலில் நின்று பார்த்தால் பெருமுக்கல் மலை தெரியும். கேப்பையும், மல்லாட்டை என்று நாங்கள் சொல்கிற வேர்க்கடலையும் போடுகிற குடும்பம். எனக்கு முன்னால் எங்கள் வீட்டில் யாரும் பள்ளிக்கூடத்துக்குள் போனதில்லை. (என் மாமா கோதண்டம் போயிருக்கிறார். ஓட்டுப் போட.) நான் திண்டிவனத்தில் இயற்பியல் படித்தேன். பிறகு விழுப்புரத்தில் கம்ப்யூட்டர் படித்தேன். கல்லூரிக்கே வந்து ஆள் எடுத்த ஒரு புனே கம்பெனி என்னையும் எடுத்துக்கொண்டது. நான் நிலத்தில் நடந்ததை அதற்குப் பிறகு யாராவது பார்த்திருந்தால் ஆச்சரியம்தான்.

இங்கேதான் என் அம்மா வருகிறார். எனக்குப் பாஞ்சாலி என்று பெயர் வைத்தவர். எங்கள் ஊர் திரௌபதி அம்மன் கோயிலில் கோடையில் பாரதம் படித்து, கூத்து நடத்தி, கடைசி நாள் தீமிதி நடக்கும். நான் விழுப்புரத்தில் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தபோது, என்னை ஒரு வார்த்தை கேட்காமல் அம்மா அந்த அம்மனிடம் ஓர் ஒப்பந்தம் போட்டிருந்தார். பெண்ணுக்கு வேலை கிடைத்தால் பெண் தீக்குழியில் இறங்குவாள்.

“நீ வேண்டிக்கினா நீ எறங்கு. என்னை ஏன் மாட்டி விடற?” என்றேன்.

“வேலை எனுக்கா கெடச்சிது? உனுக்குத்தான கெடச்சிது?” என்றார் அம்மா.

அந்தத் தர்க்கத்தில் ஓட்டை இல்லை. அதனால் நான் விஞ்ஞானத்துக்குள் புகுந்தேன். தீமிதியில் கால் வேகாததற்கு அம்மன் காரணமில்லை, கரி சூட்டைச் சீக்கிரம் கடத்தாது, கால் அதில் படுகிற நேரமும் குறைவு, இதற்குப் பக்தியே தேவையில்லை, யார் நடந்தாலும் ஒன்றும் ஆகாது என்று கோயில் வாசலிலேயே நின்று விளக்கினேன். பூசாரி கேட்டுக்கொண்டிருந்தார். ஊரில் பாதிப்பேர் கேட்டுக்கொண்டிருந்தார்கள். நான் முடித்ததும் அம்மா ரொம்ப நிதானமாகக் கேட்டார்:

“ஒன்னும் ஆவாதுன்னு நீயே சொல்ற. அப்புறம் இன்னாத்துக்கு பயந்துக்கினு இருக்கிற? எறங்கு.”

கோதண்டம் மாமா அன்றைக்கு அவ்வளவு சத்தமாகச் சிரித்திருக்க வேண்டாம்.

ஆக, மற்றவர்களோடு எனக்கும் மஞ்சள் கிழங்கு கோர்த்த காப்பைக் கையில் கட்டிவிட்டார்கள். அதற்கப்புறம்தான் கம்பெனியிடமிருந்து பயிற்சிக்கு வரச்சொல்லித் தேதி வந்தது. பார்த்தால், சரியாகத் தீமிதி அன்றைக்கே. விமான டிக்கெட்டும் அவர்களே எடுத்து அனுப்பியிருந்தார்கள். எனக்குக் கடவுள் நம்பிக்கை வந்தது அந்த ஒரு நிமிஷம்தான்.

காப்பு கட்டியவர்கள் ஊர் எல்லை தாண்டி ராத்தங்கக் கூடாது என்பது வழக்கம். பஞ்சாயத்து பூசாரியிடம் போனது. அவர் யோசித்தார். படிப்புக்கும் வேலைக்கும் போகிறவளைத் தடுக்கக் கூடாது என்றார். (நான் தலையை நிமிர்த்தினேன்.) ஆனால் நேர்த்திக்கடன் முடியாமல் காப்பை அவிழ்க்கவும் கூடாது என்றார். (தலையைத் தாழ்த்தினேன்.) அப்படியானால் கடனை யார் கழிப்பது?

“எம் பொண்ணுக்காக நான் எறங்கறேன்” என்றார் அம்மா.

இந்த இடத்தில் மாமாகூடச் சிரிக்கவில்லை. அம்மாவுக்குச் சர்க்கரை. மல்லாட்டை பிடுங்கும்போது களைக்கொட்டு பட்ட காயம் வலது பாதத்தில் ஆறாமல் கிடந்தது. திண்டிவனம் ஆஸ்பத்திரி டாக்டர் என் முன்னால்தான் சொன்னார்: “வெறுங்காலோட வீட்டு வாசல்கூட இறங்கக் கூடாதும்மா. பழுத்துச்சின்னா காலை எடுக்க வேண்டி வரும்.” அம்மா அப்போது மரியாதையாகத் தலையாட்டினார். அவர் எல்லா டாக்டர்களுக்கும் மரியாதையாகத் தலையாட்டுவார். அதோடு முடிந்தது.

“நீ எறங்கக் கூடாது” என்றேன்.

“அப்ப நீ எறங்கு.”

“எனக்கு டிரெய்னிங்மா. போகலன்னா வேலை போயிடும்.”

“அதான் நான் எறங்கறேன்னேன். கரி சூட்டைக் கடத்தாதுன்னு நீதான சொன்ன?”

புண்ணுள்ள காலைப் பற்றி என் விஞ்ஞானம் எதுவும் சொல்லியிருக்கவில்லை. அம்மா சும்மா மிரட்டுகிறார் என்று என்னை நானே நம்பவைத்துக்கொண்டேன். மாமாவிடம் மட்டும் தனியாக, “எப்படியாவது தடுத்துடு மாமா” என்றேன். “உங்கம்மாவையா? நானா?” என்று அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

புறப்படும்போது அம்மா ஒரு புதுச் சுடிதாரைக் கொடுத்தார். மஞ்சள் நிறம். மாம்பழ மஞ்சளோ எலுமிச்சை மஞ்சளோ இல்லை. தீமிதிக்கு இறங்குகிறவர்கள் கட்டுகிற, அரைத்த மஞ்சளில் முக்கி எடுத்த அசல் மஞ்சள். “போட்டுக்கினு போ. அதையாவது செய்” என்றார். போட்டுக்கொண்டேன். காலில் மட்டும் என் விருப்பப்படி, திண்டிவனத்தில் வாங்கிய உயரமான குதிகால் செருப்பு. புனேயில் இறங்கும்போது நான் ஊர்நாட்டுப் பெண்ணாகத் தெரியக்கூடாது என்பது என் திட்டம். கையில் இருந்த காப்பை வாட்ச் வாருக்குக் கீழே தள்ளி மறைத்துக்கொண்டேன்.

சென்னை விமான நிலையத்துக்கு மாமாவின் வேனில் போனோம். வழியெல்லாம் அவர், “மேல போவும்போது காது அடைக்கும்டி, முட்டாய் குடுப்பாங்க, ரெண்டா கேட்டு வாங்கிக்க” என்று ஏறியே பார்க்காத விமானத்தைப் பற்றி எனக்குச் சொல்லிக்கொண்டு வந்தார். “எல்லாம் எனக்குத் தெரியும் மாமா” என்றேன். எதுவும் தெரியாது. என்னை இறக்கிவிட்டுவிட்டு, சாயங்காலத் தீமிதிக்கு இருக்க வேண்டும் என்று அவர் உடனே ஊர் திரும்பிவிட்டார்.

விமானத்தில் எனக்கு ஜன்னலோர இடம். இறக்கைக்குச் சற்றுப் பின்னால். முதல் தடவை ஏறுகிறேன் என்று யாருக்கும் தெரிந்துவிடக் கூடாது என்பதற்காக, முன்வரிசையில் இருந்த ஓர் அம்மாள் எதைச் செய்தாரோ அதையே நானும் செய்தேன். அவர் பெல்ட் போட்டால் போட்டேன். அவர் புத்தகம் பிரித்தால் பிரித்தேன். அவர் கொட்டாவி விட்டார். நானும் விட்டேன்.

பக்கத்தில் வந்து உட்கார்ந்தவர் பண்ருட்டி முந்திரி வியாபாரி. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, மடியில் ஒரு பை நிறைய முந்திரி. புனேயில் இருக்கும் மகளின் பிரசவத்துக்குப் போகிறார். பெல்ட்டின் இரண்டு முனைகளையும் கையில் வைத்துக்கொண்டு தவித்தார். நான் மாட்டிவிட்டேன். அத்தோடு அவர் கண்ணில் நான் பைலட்டுக்கு அடுத்த நிலைக்கு உயர்ந்துவிட்டேன்.

“நீ அடிக்கடி போய் வருவியா மா?”

“ம்” என்றேன். (போய் வருவேன்தான். விழுப்புரத்துக்கு. டவுன் பஸ்ஸில்.)

“படிச்ச பொண்ணா?”

“பிசிக்ஸ்.”

“அப்படின்னா?”

“இந்த மாதிரி வண்டியெல்லாம் எப்படி ஓடுதுன்னு படிக்கிறது.”

அவர் எனக்கு ஒரு கை முந்திரி கொடுத்தார். விமானம் மெதுவாக நகர்ந்து, திரும்பி, ஓடுபாதைக்குப் போகிற வழியில் நின்றது. வெளியே அக்னி நட்சத்திரத்து உச்சி வெயில். தரை கானல் நீராக நெளிந்தது. நான் ஊரை நினைத்துக்கொண்டிருந்தேன். இந்நேரம் குழியில் கட்டைகளை அடுக்கிக் கொளுத்தியிருப்பார்கள். அம்மா ஈரத்துணியோடு விரதத்தில் இருப்பார். மாமா தடுத்திருப்பாரா?

அப்போதுதான் இறக்கைக்குக் கீழே இன்ஜினின் பின்புறத்திலிருந்து தீ வந்தது.

பெரிய தீயில்லை. எங்கள் வீட்டு வெந்நீர் அடுப்பில் மல்லாட்டைக் கொடியைத் திணித்தால் வெளியே எட்டிப் பார்க்குமே, அந்த அளவு. நான் பார்த்தேன். கத்தலாம் என்று தோன்றியது. கத்தினால் என்ன ஆகும்? இது வழக்கமாக வருகிற தீயாக இருந்தால்? விமானம் முழுக்கத் திரும்பிப் பார்த்து, ‘பாவம், முதல் தடவை போல’ என்று சிரிக்கும். முன்வரிசை அம்மாளைப் பார்த்தேன். அவர் தூங்கிக்கொண்டிருந்தார். ஆகவே நானும் நிம்மதியாக இருக்க முடிவு செய்தேன்.

பண்ருட்டிக்காரர் என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார்.

“ஏம்மா... எரியுது போல இருக்குதே?”

இந்த இடத்தில் நான் ‘தெரியலங்க, கூப்பிட்டுக் கேட்போம்’ என்று சொல்லியிருக்கலாம். ஐந்து வயதுக் குழந்தை அப்படித்தான் சொல்லியிருக்கும். ஆனால் ஐந்து வயதுக் குழந்தை இயற்பியல் படித்திருக்காது.

“ஜெட்டுன்னா அப்படித்தாங்க எரியும்” என்றேன். “உள்ளே எரிபொருளை எரிச்சி, அந்தச் சூட்டுக் காத்தைப் பின்னாடி தள்ளுது. அது பின்னாடி போனா நாம முன்னாடி போவோம். நியூட்டனோட மூணாவது விதி.”

“அப்ப எரிஞ்சாத்தான் போவுமா?”

“எரிஞ்சாத்தான் போகும்.”

அவர் முகம் தெளிந்தது. பின்வரிசையில் ஒரு சின்னப் பெண் அழ ஆரம்பித்ததும் அவரே திரும்பி, “அழுவாத கண்ணு, ஜெட்டுன்னா அப்படித்தான் எரியுமாம். தோ, இந்தப் பொண்ணு அதையே படிச்சிருக்குது” என்றார். பின்வரிசை அதற்குப் பின்வரிசைக்குச் சொன்னது. வழிக்கு அந்தப்பக்கம் யாரோ இந்தியில் மொழிபெயர்த்தார்கள். என் விளக்கம் விமானத்தின் வால்வரைக்கும் போய்ச் சேர்ந்தது. தீ மட்டும் அதைக் காதில் வாங்காமல் வளர்ந்துகொண்டிருந்தது. இறக்கையின் அடிப்பக்கம் கறுத்தது. கண்ணாடியைப் புகை மறைத்தது.

“இப்பகூட அப்படித்தானா மா?” என்றார் பண்ருட்டிக்காரர்.

“இது... வேகம் எடுக்கிறதுக்காக” என்றேன். விமானம் நின்றுகொண்டிருந்தது.

அடுத்த நொடி ஒலிபெருக்கியில் ஏதோ இங்கிலீஷில் அலறினார்கள். பணிப்பெண்கள் பாய்ந்து வந்து, “எல்லாத்தையும் விட்டுட்டு வாங்க! பையை எடுக்காதீங்க! செருப்பைக் கழட்டுங்க!” என்று கத்தினார்கள். கதவு திறந்து, ரப்பர் சறுக்குமரம் ஒன்று உப்பி வெளியே விழுந்தது. குதிகால் செருப்பு அதைக் கிழித்துவிடுமாம். என் குதிகால் தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருந்தது என்று அப்போதுதான் பணிப்பெண் பார்த்தார். “கழட்டுங்க மேடம்!” என்றார். கழற்றினேன். என்னை மேடம் என்று கூப்பிட்ட முதல் ஆள் அவர்தான். அதை ரசிக்க நேரமில்லை. முதுகில் கை வைத்துத் தள்ளிவிட்டார்.

வழுக்கிக்கொண்டு போய்த் தரையில் நின்றேன். நின்றேன் என்பது பெயருக்கு. அந்தச் சிமெண்ட்டுத் தரை காலையிலிருந்து வெயிலில் காய்ந்து கிடந்தது. பாதம் பட்டதும் உச்சந்தலைவரைக்கும் ஏறியது. பின்னால் இன்ஜின் கொழுந்துவிட்டு எரிகிறது. முன்னால் தூரத்தில் ஒருவர் கையை ஆட்டி, “ஓடுங்க! நிக்காதீங்க!” என்கிறார். ஓடினேன்.

எங்கள் ஊரில் பிறந்தவர்களுக்கு நெருப்பின் பக்கத்தில் வெறுங்காலோடு ஓடுகிறபோது வாயில் தானாக வருகிற வார்த்தை ஒன்றுதான். குழந்தையிலிருந்து வருஷாவருஷம் தீமிதியில் கேட்டது. மூளை அதைத் தடுப்பதற்கு முன்னால் தொண்டையிலிருந்து வந்துவிட்டது.

“கோவிந்தா!”

பின்னால் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடிவந்த பண்ருட்டிக்காரருக்கும் திரௌபதி அம்மன் கோயில் ஊர்தான் போலிருக்கிறது. “கோ...விந்தா!” என்று பதில் குரல் கொடுத்தார். நான் மறுபடி கத்தினேன். அவர் மறுபடி கத்தினார். எங்களுக்குப் பின்னால் வந்த வடநாட்டுத் தம்பதியும் கத்த ஆரம்பித்தார்கள். அது விமானக் கம்பெனியின் உத்தரவு என்று நினைத்திருக்கலாம். ஒரு வரிசை ஆட்கள், கோவிந்தா கோவிந்தா என்று கத்திக்கொண்டு, காலைத் தூக்கித் தூக்கி வைத்து மீனம்பாக்கத்தின் சிமெண்ட்டில் ஓடினோம்.

தீயணைப்பு வண்டி நுரையைப் பீய்ச்சியது. காற்றில் பறந்த நுரை தரையில் ஒரு பக்கம் வெள்ளைக் குட்டையாகத் தேங்கியிருந்தது. எரிகிற காலோடு அதற்குள் போய் இறங்கினேன். ஜில்லென்று இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு நின்றேன். தீமிதியில் குழியைக் கடந்ததும் பால் ஊற்றிய பள்ளத்தில் காலை வைப்பார்களே, பால்குழி, அது ஞாபகம் வந்தது. கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தேன். மஞ்சள் துணி. வெறுங்கால். ஓடியதில் வாட்ச் வாரிலிருந்து கழன்று மணிக்கட்டில் தொங்கிய காப்பு.

‘சேச்சே’ என்று சொல்லிக்கொண்டேன்.

யாருக்கும் உயிருக்கு ஆபத்தில்லை. தீயை அணைத்துவிட்டார்கள். எங்களை ஒரு கூடத்தில் உட்காரவைத்து, காலுக்குக் களிம்பும் குடிக்க மோரும் கொடுத்தார்கள். விசாரணை, கையெழுத்து என்று சாயங்காலம் ஆகிவிட்டது. என் பாதத்தில் கொப்புளங்கள் வந்திருந்தன. (கரி சூட்டைச் சீக்கிரம் கடத்தாது. சிமெண்ட்டு கடத்தும். இதைக் கோயில் வாசலில் சொல்ல மறந்திருந்தேன்.) என் செல்போன் விமானத்தில் இருந்தது. பண்ருட்டிக்காரரின் போன் அவர் வேட்டி மடியிலேயே இருந்தது, முந்திரியோடு சேர்த்து. அவர் டிவிக்காரர்களிடம் பேசிவிட்டு வருகிறவரை காத்திருந்தேன். அவர் அங்கே என்ன பேசினார் என்று அப்போது எனக்குத் தெரியாது. வந்ததும் போனை வாங்கி மாமாவைக் கூப்பிட்டேன். பின்னணியில் கோயில் பம்பை மேளச் சத்தம் கேட்டது.

“மாமா, நான் பாஞ்சாலி பேசறேன்.”

“தெரியும். டிவில ஓடிக்கினு இருக்கிற. யாரோ செல்லுல புடிச்சிருக்கான். திருப்பித் திருப்பிக் காட்றான்.”

“எனக்கு ஒன்னும் இல்ல மாமா. அம்மா எங்க?”

“குழிக்கிட்ட நின்னுக்கினு இருக்குது. நீ உயிரோட இருக்கிறன்னு டிவில பார்த்துட்டு, அம்மன் காப்பாத்திட்டா, நான் இப்பவே எறங்கறேன்னு ஒரே பேஜாரு. நான் கையைப் புடிச்சிக்கினு இருக்கேன். என்னைக் கடிச்சிடுச்சி.”

“போனை அம்மாகிட்ட குடு!”

அம்மா வந்தார். எப்படி இருக்கிறாய் என்று கேட்பார் என எதிர்பார்த்தேன்.

“கால்ல செருப்பு இருந்துதா?” என்றார்.

“என்னது?”

“ஓடுனியே, அப்ப. டிவில சரியா தெரியல.”

“இல்லம்மா. கழட்டச் சொல்லிட்டாங்க.”

“காப்பு?”

“கையில இருக்குது.”

“மஞ்சத்துணி நான் குடுத்தது. பக்கத்துல நெருப்பு எரிஞ்சிது. பால் இருந்துதா?”

“பால் எப்படிம்மா இருக்கும்? தீயை அணைக்கிற நுரை...”

“வெள்ளையா இருந்துதா?”

“...இருந்துது.”

அந்தப்பக்கம் அம்மா இதையெல்லாம் பூசாரியிடம் ஒப்பித்தார். பூசாரியின் குரல் எதையோ கேட்டது. அம்மா திரும்ப வந்தார்.

“பூசாரி கேக்கறாரு. கோவிந்தா சொன்னியா? சொல்லலன்னா கணக்குல வராதாம். நான் எறங்கித்தான் ஆவணும்.”

நான் இத்தனை வருஷம் படித்த படிப்பெல்லாம் அந்த இடத்தில் வந்து நின்றது. இல்லை என்று சொன்னால் கோயில் வாசலில் பேசிய பேச்சு நிற்கும். அம்மா புண்ணுக்காலோடு குழியில் இறங்குவார். சொன்னேன் என்றால் அம்மாவின் கால் தப்பிக்கும். நான் சாகிறவரை அந்த ஊரில் வாயைத் திறக்க முடியாது. சுற்றிலும் பார்த்தேன். அந்தக் கூடத்தில் என்னைப்போல் படித்தவர்கள்தான் நிறைய உட்கார்ந்திருந்தார்கள்.

“சொன்னேம்மா” என்றேன்.

“கேக்கல. கூட்டம் சத்தம் போடுது.”

“சொன்னேன்மா! கோவிந்தா சொன்னேன்! சத்தமா சொன்னேன்!”

கூடம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. வடநாட்டுத் தம்பதி மட்டும், மறுபடி எங்கோ தீப்பிடித்துவிட்டது என்று எழுந்துவிட்டார்கள்.

பூசாரி சாட்சி கேட்டார். (அவர் சட்டம் படித்திருக்க வேண்டியவர்.) பண்ருட்டிக்காரர் போனை வாங்கி, “ஆமாங்க பூசாரி, நானும் கூட சொன்னேங்க. பக்தியான பொண்ணுங்க” என்றார். என் வாழ்க்கையில் என்னை அப்படிச் சொன்னவர் அவர் ஒருவர்தான். நான் மறுக்கவில்லை.

பிறகு போன் வழியாகவே கேட்டது. ஊர் மைக்கில் பூசாரி அறிவித்தார்: “பாஞ்சாலியோட நேர்த்திக்கடன், அம்மன் கிருபையில, மெட்ராஸ் ஏர்போர்ட்டுல முடிஞ்சிது. அவங்கம்மா வரிசையிலேர்ந்து வெளிய வந்துடுங்க. ஜல்தி, பின்னாடி ஆளு நிக்குது.”

நான் போனைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். மோரை யாரோ கையில் கொடுத்தார்கள். மாமாவின் குரல் மறுபடி வந்தது.

“ஏய் பாஞ்சாலி. அக்கா வெளிய வந்துடுச்சி. செருப்பு போட்டுட்டேன்.”

“சரி மாமா.”

“இன்னொன்னு கேக்கணும்.”

“என்ன?”

“ஜெட்டுன்னா அப்படித்தான் எரியுமா?”

எனக்கு மோர் புரையேறியது. டிவிக்காரர்களிடம் பண்ருட்டிக்காரர் பேசியது இதுதான்: “நெருப்பைப் பார்த்து நாங்கள்லாம் பயந்துட்டோங்க. பக்கத்துல ஒரு படிச்ச பொண்ணு இருந்துச்சி. ஜெட்டுன்னா அப்படித்தான் எரியும், எரிஞ்சாத்தான் போவும்னு அது தைரியம் சொல்லலன்னா இன்னா ஆயிருக்குமோ!” அவர் என்னைக் கேலி செய்யவில்லை. நன்றியோடுதான் சொன்னார். அதைத்தான் என்னால் இன்றுவரை ஜீரணிக்க முடியவில்லை.

அடுத்த நாள் வேறொரு விமானத்தில் காலில் கட்டோடு புனே போய்ச் சேர்ந்தேன். கம்பெனியில் ஒன்றும் சொல்லவில்லை. அம்மாவின் புண் ஆற வெகுநாள் பிடித்தது, ஆனால் ஆறிவிட்டது. தோசை கருகினாலும், பால் பொங்கினாலும், டிரான்ஸ்பார்மர் வெடித்தாலும், எங்கள் வீட்டில் ஒருவரும் பதறுவதில்லை. “ஜெட்டுன்னா அப்படித்தான்” என்கிறார்கள். மாமாவின் பேரப்பிள்ளைகள், அர்த்தம் தெரியாமலே, தீபாவளிக்கு நமுத்துப்போன ராக்கெட்டைப் பார்த்து அதைச் சொல்கிறார்கள். தீமிதி நடக்கும்போது மட்டும் அம்மா வெளியூர்க்காரர்களுக்கு விளக்குவார்: “எல்லாரும் இந்தக் குழியிலதான் மிதிச்சாங்க. எம் பொண்ணு ஏர்போர்ட்டுல மிதிச்சிது.” ஏதோ அது மேல்படிப்பு என்பதுபோல.

சில வருஷங்கள் கழித்து அம்மாவை முதல்முறையாக விமானத்தில் என்னோடு புனேவுக்கு அழைத்துப் போனேன். ஜன்னலோரம் உட்காரவைத்தேன். இன்ஜின் உறுமியது. அம்மா மூக்கைக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு வெகுநேரம் இறக்கைக்குக் கீழேயே பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் கவலை ஏறிக்கொண்டே போனது. பிறகு வழியில் போன பணிப்பெண்ணைக் கையைப் பிடித்து நிறுத்தினார். தமிழ்ப்பெண்.

“ஏம்மா கண்ணு, இந்தப் பக்கம் எரியவே இல்லயே. வண்டி கெட்டுப்போச்சா?”

“எரியக் கூடாதும்மா” என்றார் அந்தப் பெண், சிரித்துக்கொண்டே.

“எரியும். ஜெட்டுன்னா எரியும். எரிஞ்சாத்தான் போவும். உனுக்குத் தெரியலன்னா தோ, எம் பொண்ணு இருக்குது பாரு, பிசிக்ஸ் படிச்சிருக்குது, அதைக் கேளு.”

பணிப்பெண் என்னைப் பார்த்தார். முன்வரிசையும் பின்வரிசையும் பார்த்தன. அம்மா பெருமையாக நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டார்.

“எனக்குத் தெரியாதுங்க” என்றேன்.